மனக்கணக்கும் பணக்கணக்கும்

கூலாய் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குச் சம்பள நாள் நன்றாக நினைவிருக்கும். பால்வெட்டு முடிந்து, பால் எடை போட்டு, குளித்துவிட்டுப் பெரியவர்கள் ஆபீசுக்கு முன்னால் வரிசையாக நிற்பார்கள். கிராணி பெயரைக் கூப்பிட, கைநாட்டு வைத்தோ கையொப்பமிட்டோ பணத்தை வாங்கிக்கொள்வார்கள். அதற்குள் தோட்டத்து வாசலில் ஒரு கூட்டம் கூடியிருக்கும். தவணைக்குச் சேலை கொடுத்தவர், கடன் புத்தகத்தோடு மளிகைக் கடைக்காரர், பலகார வண்டிக்காரர், வட்டிக்குக் கொடுத்தவர், நம்பர் எழுத வந்தவர் என எல்லாரும் இருப்பார்கள். ஆபீசிலிருந்து லயத்துக்கு நடந்துபோக ஐந்து நிமிடம்தான். அந்த ஐந்து நிமிடத்தில் மாதச் சம்பளத்தில் பாதி கரைந்துபோன வீடுகள் உண்டு.

எங்கள் வீட்டில் அம்மா மூன்று மைலோ டின்களை வைத்திருந்தார். ஒன்று அரிசி சாமானுக்கு. ஒன்று பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு. மூன்றாவது திருவிழாவுக்கும் தீபாவளிக்கும். அப்பா படியேறி வந்ததும் முதல் வேலை டின்களில் பணம் போடுவதுதான். பள்ளிக்கூட டின்னிலிருந்து ஒரு வெள்ளி எடுத்து மீன் வாங்கலாம் என்றால் அம்மா சம்மதிக்கமாட்டார். "அந்தப் பணம் வேறே, இந்தப் பணம் வேறே" என்பார்.

பழைய பொருளாதாரப் பாடநூல்களின்படி அம்மா சொன்னது தவறு. ஒரு வெள்ளி எந்த டின்னில் கிடந்தாலும் ஒரு வெள்ளிதான். அதற்குத் தனித்தனி முகம் கிடையாது. ஆனால் மனிதர்கள் அப்படி நினைப்பதில்லை, பணத்துக்கு மனத்திற்குள் தனித்தனிப் பெட்டி வைத்துக்கொள்கிறார்கள் என்று ரிச்சர்ட் தேலர் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஆராய்ந்து எழுதினார். அதற்கு அவர் 'மனக்கணக்கு' என்று பெயரிட்டார். 2017ஆம் ஆண்டில் அவருக்குப் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. மைலோ டின்களுக்கு யாரும் பரிசு கொடுக்கவில்லை என்பது வேறு விஷயம்.

மனிதன் எப்படி முடிவெடுக்க வேண்டும் என்பதை ஆராய்வது ஒன்று; உண்மையில் எப்படி முடிவெடுக்கிறான் என்பதைக் கவனிப்பது மற்றொன்று. இரண்டாவதைச் செய்வதுதான் உளவியலும் பொருளாதாரமும் கைகோத்த இந்தப் புதிய துறை. புதியது என்றாலும் இதன் கேள்விகள் பழையவை. திருவள்ளுவர் பொருட்பாலில் தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று நான்கு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். எப்போது, எந்த இடத்தில், எந்த நிலையில் முடிவெடுக்கிறோம் என்பது முடிவையே மாற்றும் என்பதை அவர் அறிந்திருந்தார். அதையே இன்றைய அறிஞர்கள் எண்ணிக் கணக்கிட்டுக் காட்டுகிறார்கள்.

சட்டென்று வரும் பதில்

வாசகர்கள் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஓர் அர்ச்சனைத் தட்டும் ஒரு கற்பூரக் கட்டியும் சேர்ந்து 11 வெள்ளி. தட்டு, கற்பூரத்தைவிட 10 வெள்ளி அதிகம். அப்படியானால் கற்பூரம் எவ்வளவு?

ஒரு வெள்ளி என்றுதான் பெரும்பாலோர்க்கு உடனே தோன்றும். அது சரியென்றால் தட்டு 11 வெள்ளி ஆகிவிடும். மொத்தம் 12 ஆகிவிடும். சரியான விடை 50 காசு. படிக்காதவர் மட்டும் இதில் தவறுவதில்லை. இதே மாதிரியான கணக்கை அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழக மாணவர்களிடம் கொடுத்தபோது அவர்களிலும் பலர் தவறினர்.

டேனியல் கானமன், ஏமோஸ் டிவெர்ஸ்கி என்ற இரண்டு இஸ்ரேலிய உளவியலாளர்கள் இத்தகைய தவறுகளை 1970களில் முறையாக ஆராயத் தொடங்கினார்கள். நம்முள் இரண்டு விதமான சிந்தனை நடக்கிறது என்று கானமன் பிற்காலத்தில் விளக்கினார். ஒன்று விரைவானது, முகத்தைப் பார்த்ததும் கோபமா சிரிப்பா என்று சொல்லிவிடும். மற்றொன்று மெதுவானது, கூட்டிக் கழித்துப் பார்க்கும், ஆனால் சோம்பேறி. விரைவான சிந்தனை ஒரு பதிலை நீட்டினால், பெரும்பாலும் மெதுவான சிந்தனை அதைச் சரிபார்க்காமலே தலையாட்டிவிடும். டிவெர்ஸ்கி 1996இல் காலமானார். கானமனுக்கு 2002இல் பொருளாதார நோபல் கிடைத்தது. அவர் 2024ஆம் ஆண்டு மார்ச் மாதம் மறைந்தார்.

அவர்கள் 1979இல் வெளியிட்ட ஒரு கட்டுரை நம் குடும்பங்களுக்கு மிகவும் வேண்டியது. பத்து வெள்ளி கிடைத்தால் வரும் மகிழ்ச்சியைவிடப் பத்து வெள்ளி தொலைந்தால் வரும் வருத்தம் பெரியது, ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பது அந்த ஆய்வுகளிலிருந்து தெரியவந்த செய்தி. இதனால் என்ன என்று கேட்கலாம். இழப்பை ஒப்புக்கொள்ள மனம் மறுப்பதால், இழப்பு இன்னும் பெரிதாகிறது. எனக்குத் தெரிந்த ஒருவர், மாதம் பத்து விழுக்காடு தருவதாகச் சொன்ன ஒரு திட்டத்தில் ஐயாயிரம் வெள்ளி போட்டார். மூன்றாம் மாதம் பணம் வரவில்லை. "இன்னும் மூவாயிரம் போட்டால் பழையதும் சேர்ந்து வரும்" என்றார்கள். போட்டார். அவரைப் பேராசைக்காரர் என்று எல்லாரும் பேசினார்கள். உண்மையில் இரண்டாவது முறை அவரைத் தள்ளியது ஆசை அல்ல. போனது போகட்டும் என்று சொல்ல முடியாத வேதனை. ஏமாற்றுகிறவர்களுக்கு இந்த உளவியல் நூல் படிக்காமலே தெரியும்.

கார் வாங்கும்போதும் விரைவுச் சிந்தனைதான் நம்மைக் கையைப் பிடித்து அழைத்துப் போகிறது. விற்பவர் முழு விலையைப் பற்றி அதிகம் பேசுவதில்லை, "மாதம் எவ்வளவு கட்ட முடியும்?" என்றுதான் கேட்கிறார். 50,000 வெள்ளிக் கடன், ஆண்டுக்கு 3 விழுக்காடு நேர்வட்டி, 9 ஆண்டுகள் என்று வைத்துக்கொள்வோம். வட்டி மட்டும் 13,500 வெள்ளி. மாதத் தவணை 588 வெள்ளி. கேட்கச் சின்னதாகத்தான் இருக்கிறது. கடனில் பாதியை அடைத்த பிறகும் வட்டி முழுத் தொகைக்கே கணக்கிடப்பட்டிருப்பதால், நீங்கள் உண்மையில் கட்டுவது 3 விழுக்காடு அல்ல, ஏறக்குறைய ஐந்தரை விழுக்காடு. கேள்வியை மாற்றிக் கேட்டால் மனம் மாறும். "மாதம் எவ்வளவு" என்பதற்குப் பதிலாக "கடைசித் தவணை கட்டும்போது மொத்தம் எவ்வளவு கொடுத்திருப்பேன்" என்று ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். 63,500 வெள்ளி என்று எழுதிப் பார்த்த பிறகு வாங்கினால் தவறில்லை.

பத்து வெள்ளிச் சங்கம்

இந்தத் துறையின் மிகச் சிறந்த எடுத்துக்காட்டு அமெரிக்காவில் இல்லை. நம் கண் முன்னாலேயே இருக்கிறது.

1950களில் ஆங்கிலேய முதலாளிகள் பலர் மலாயாவிலிருந்த தங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கினார்கள். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கிக் கைமாற்றினார்கள். துண்டாடப்பட்ட தோட்டத்தில் பழைய தொழிலாளருக்கு வேலை நிச்சயமில்லை. வேலை போனால் லயத்து வீடும் போகும், கோயிலும் பள்ளியும் கேட்பாரற்றுப் போகும். தலைமுறைகளாக ஒரே மண்ணில் உழைத்தவர்களுக்கு அந்த மண்ணில் ஒரு சாண் சொந்தமில்லை. 1951 முதல் 1960 வரை நடந்த இந்தத் தோட்டத் துண்டாடலைப் பற்றிப் பேராசிரியர் உங்கு அஜீஸ் விரிவான ஆய்வறிக்கை எழுதினார்.

அன்று அமைச்சராகவும் ம.இ.கா. தலைவராகவும் இருந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டு மே மாதம் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஒரு பங்கின் விலை 100 வெள்ளி. அன்றைய பால்வெட்டுத் தொழிலாளியிடம் நூறு வெள்ளியை ஒரே கையில் கேட்டால் கதவைச் சாத்தியிருப்பார். ஆகவே மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம் என்று வகுத்தார்கள். சம்பந்தன் தோட்டந்தோட்டமாகப் போய், லயத்து முற்றங்களில் உட்கார்ந்து பேசினார். 1961இல் கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் முதல் சொத்தாக வாங்கப்பட்டது.

இதில் நன்கொடையும் இல்லை, இலவசமும் இல்லை. தொழிலாளியின் சொந்தப் பணம்தான். அப்படியானால் சங்கம் என்ன புதிதாகச் செய்தது? உளவியல் கண்கொண்டு பார்த்தால் மூன்று காரியங்கள் தெரிகின்றன. பெரிய தொகையைச் சிறிய, வலிக்காத தவணையாக்கியது முதலாவது. ஒருமுறை "சரி" என்று சொன்னால் போதும், பிறகு ஒவ்வொரு மாதமும் புதிதாக முடிவெடுக்க வேண்டியதில்லை என்று ஆக்கியது இரண்டாவது. மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் பெரியது என்பது என் எண்ணம்: பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்தார். லயத்தில் ஒருவர் பங்கு வாங்கினால் அடுத்தவருக்கு அது தன் வீட்டுப் பேச்சாகிவிடும். தனி ஒருவராகச் சேமிப்பது மலையேறுவதுபோல. பத்துப் பேராகச் சேமிப்பது காவடி ஊர்வலத்தோடு நடப்பதுபோல.

நம்மவர் முன்பே கண்டுபிடித்த இன்னொரு முறை 'கூட்டு'. பத்துப் பேர் சேர்ந்து மாதம் ஒரு தொகை போட்டு, முறைவைத்து ஒருவர் எடுத்துக்கொள்வது. வீட்டில் வைத்தால் செலவாகிவிடும் பணத்தை, பிறர் முகத்துக்கு அஞ்சியாவது மாதந்தோறும் கட்டவைத்தது கூட்டு. ஆனால் பணத்தை வாங்கிக்கொண்டு தலைமறைவானவர்களும் இருந்தார்கள். 1971இல் வந்த சட்டம் கூட்டு நிதி நடத்துவதைத் தடைசெய்தது. கூட்டில் நல்லது அதன் கட்டாயம். கெட்டது அதன் காவலின்மை. பதிவுபெற்ற கூட்டுறவுச் சங்கத்திலும் வங்கியின் தானியங்கிப் பிடித்தத்திலும் அதே கட்டாயம் காவலோடு கிடைக்கிறது.

இது வெறும் ஊகம் அல்ல. பிலிப்பைன்ஸ் நாட்டின் மிண்டானாவோ தீவில் ஒரு வங்கி, வாடிக்கையாளர் சிலரிடம் ஒரு விசித்திரமான கணக்கைத் திறக்கச் சொன்னது. அவர்களே குறித்த தேதியோ தொகையோ வரும்வரை பணத்தை எடுக்க முடியாது. அதற்காகக் கூடுதல் வட்டியும் கிடையாது. யார் சேருவார் என்று தோன்றும். கேட்கப்பட்டவர்களில் 28 விழுக்காட்டினர் சேர்ந்தார்கள். 2006இல் வெளியான அந்த ஆய்வின்படி, ஓராண்டு கழித்து அந்தக் கணக்கு வழங்கப்பட்ட குழுவின் சேமிப்பு, வழங்கப்படாத குழுவைவிட 80 விழுக்காடு அளவுக்குக் கூடியிருந்தது. தன் கையைத் தானே கட்டிக்கொள்ள விரும்புகிறவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம்.

படிவம் நிரப்பாதவர்கள்

1951ஆம் ஆண்டில் தொடங்கிய ஊழியர் சேமநிதியும் இதே தத்துவத்தில் நிற்பதுதான். சம்பளம் கைக்கு வருவதற்கு முன்பே ஒரு பங்கு போய்விடுகிறது. கைக்கு வராத பணத்தை இழந்ததாக மனம் நினைப்பதில்லை. "இந்த மாதம் சேமிக்கலாமா?" என்று ஒவ்வொரு மாதமும் நம்மைக் கேட்டிருந்தால் எத்தனை மாதம் ஆமென்று சொல்லியிருப்போம்?

சேமநிதி வரலாற்றிலேயே ஓர் அரிய பாடம் உண்டு. பொருளாதாரம் மந்தமானபோது மக்கள் கையில் கூடுதல் பணம் புழங்கட்டும் என்று ஊழியரின் சந்தா குறைக்கப்பட்டது. 2016ஆம் ஆண்டு மார்ச் சம்பளம் முதல் 11 விழுக்காடு 8 ஆனது. கோவிட் பெருந்தொற்றின்போது, 2020ஆம் ஆண்டு ஏப்ரலில், 7 ஆனது. 2021இல் 9 ஆகி, 2022 ஜூலைக்குப் பிறகு பழைய 11க்குத் திரும்பியது. இந்தக் காலங்களில் யாரையும் குறைவாகக் கட்டச் சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லை. பழையபடி 11 கட்ட விரும்புகிறவர் ஒரு படிவத்தைப் பூர்த்தி செய்து முதலாளியிடம் கொடுத்தால் போதும்.

ஒரே ஒரு படிவம். ஆனால் எதுவும் செய்யாமல் இருந்தால் சேமிப்பு குறையும். நம் நண்பர்கள், உறவினர்கள் எத்தனை பேர் அந்தப் படிவத்தைக் கேட்டு வாங்கினார்கள் என்று யோசித்துப் பாருங்கள். 2,000 வெள்ளிச் சம்பளக்காரருக்கு 11க்கும் 7க்கும் உள்ள வேறுபாடு மாதம் 80 வெள்ளி. அந்த 80 வெள்ளியை எங்கே செலவழித்தோம் என்று இன்று யாருக்கும் நினைவில்லை. குறைக்க வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் சிலர். முடிவே செய்யாதவர்கள் பலர். இந்தத் துறையினர் இதனை மிகவும் வலியுறுத்துவார்கள்: எதுவும் செய்யாவிட்டால் என்ன நடக்குமோ, அதுவே பெரும்பாலோர்க்கு நடக்கும். ஆகவே எதுவும் செய்யாவிட்டாலும் நல்லது நடக்கும்படி ஏற்பாடு செய்துவைப்பதே புத்திசாலித்தனம்.

தேலரும் சுலோமோ பெனார்ட்சி என்ற அவருடைய தோழரும் இதைத் தலைகீழாகப் பயன்படுத்தினார்கள். 1998இல் ஓர் அமெரிக்கத் தொழிற்சாலையின் ஊழியர்களிடம், "இப்போது சேமிப்பைக் கூட்ட வேண்டாம், அடுத்த சம்பள உயர்வு வரும்போது அதில் ஒரு பகுதி தானாகச் சேமிப்புக்குப் போகட்டும்" என்று கேட்டார்கள். கேட்கப்பட்டவர்களில் 78 விழுக்காட்டினர் சம்மதித்தார்கள். வேண்டாமென்றால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்ற உரிமையும் இருந்தது, பெரும்பாலோர் விலகவில்லை. 40 மாதங்களில் அவர்களுடைய சேமிப்பு சம்பளத்தில் 3.5 விழுக்காட்டிலிருந்து 13.6 ஆக உயர்ந்தது. இன்று விட்டுக்கொடுப்பது கடினம். நாளை விட்டுக்கொடுப்பதாக வாக்களிப்பது எளிது. வழக்கமாக நம்மைக் கெடுக்கும் அந்தக் குணத்தையே அவர்கள் வேலைக்கு வைத்துக்கொண்டார்கள்.

2020 முதல் 2022 வரை நான்கு சிறப்புத் திட்டங்களின் வழியாகச் சேமநிதியிலிருந்து 145 பில்லியன் வெள்ளி வெளியே போனது. வேலையிழந்து, வீட்டில் அரிசியில்லாமல் எடுத்தவர்களை யாரும் குறைசொல்ல முடியாது; அந்தப் பணம் அதற்காகவும்தான். ஆனால் பக்கத்து வீட்டார் எடுக்கிறார்கள், நாம் எடுக்காவிட்டால் ஏமாந்தவராகிவிடுவோம் என்று எடுத்தவர்களும் இருந்தார்கள். லயத்தில் பங்கு வாங்கவைத்த அதே அண்டைவீட்டுப் பேச்சு, இங்கே எதிர்த்திசையில் இழுத்தது.

2024ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் தேதி முதல், 55 வயதுக்குட்பட்டோரின் சந்தா மூன்று கணக்குகளாகப் பிரிக்கப்படுகிறது. 75 விழுக்காடு ஓய்வுக்காலக் கணக்கு. 15 விழுக்காடு வீடு, கல்வி, மருத்துவம் போன்றவற்றுக்கான கணக்கு. 10 விழுக்காடு எப்போது வேண்டுமானாலும் எடுக்கத்தக்க கணக்கு. எனக்கு இதைப் படித்ததும் நினைவுக்கு வந்தது அடுப்பங்கரைத் தட்டில் இருந்த மூன்று மைலோ டின்கள்தான்.

கரும்பு வெட்டுக்கு முன்னும் பின்னும்

ஏழைகள் சேமிக்காதது அவர்களுடைய அறிவுக்குறைவால் என்று மேடையிலேயே பேசுகிறவர்களை நான் கேட்டிருக்கிறேன். அவர்கள் தமிழ்நாட்டில் நடந்த ஓர் ஆய்வை அறிந்துகொள்ள வேண்டும்.

விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளை ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் முதலிய அறிஞர்கள் ஆராய்ந்தார்கள். முல்லைநாதன் தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில் பிறந்து, சிறுவயதில் அமெரிக்காவுக்குக் குடிபோனவர். கரும்பு விவசாயிக்கு ஆண்டின் வருமானம் பெரும்பாலும் அறுவடையில் ஒரே தடவையாக வருகிறது. அறுவடைக்கு முந்தின மாதங்களில் கை வறண்டிருக்கும். பிந்தின மாதங்களில் நிறைந்திருக்கும். ஆகவே ஒரே மனிதரை ஏழையாகவும் ஓரளவு வசதியாகவும் பார்க்க முடிந்தது. அறுவடைக்கு முன் 78 விழுக்காட்டினர் ஏதாவது ஒரு பொருளை அடகு வைத்திருந்தார்கள். அறுவடைக்குப் பின் 4 விழுக்காட்டினர்தான்.

இரண்டு காலங்களிலும் அவர்களுக்கு ஒரே விதமான அறிவுச் சோதனை கொடுக்கப்பட்டது. அறுவடைக்கு முன்பு பெற்றதைவிடப் பின்பு தெளிவாக அதிக மதிப்பெண் பெற்றார்கள். மனிதர் மாறவில்லை, படிப்பு மாறவில்லை. கவலை மட்டும் குறைந்திருந்தது. மளிகைக் கடனும் வட்டிக்காரரின் தவணையும் மனத்தில் இடத்தை அடைத்துக்கொண்டால் மற்றவற்றைச் சிந்திக்க இடமிருப்பதில்லை என்பது அவர்களுடைய முடிவு. 2013இல் 'சயன்ஸ்' இதழில் வெளியான இந்த ஆய்வின் கணக்கு முறைகளைப் பற்றி அறிஞர்களிடையே பிறகு விவாதம் எழுந்தது உண்டு. ஆனால் மாதக் கடைசியில் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்குச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்த எந்தத் தாயும் இதன் அடிப்படையை மறுக்கமாட்டார்.

இதிலிருந்து கிடைக்கும் நடைமுறைப் பாடம் எளிமையானது. கவலை உச்சத்தில் இருக்கும்போது பெரிய கையெழுத்துப் போடக்கூடாது. கடன் கொடுக்கிறவர் அந்த நேரத்தில்தான் வருவார், "இன்றே போட்டால்தான் இந்த வட்டி" என்பார். மூன்று இரவு தள்ளிப்போடுங்கள். தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து, கடனில் சம்பந்தமில்லாத ஒருவரிடம் படிக்கச் சொல்லுங்கள். கவலை இல்லாதவருடைய மூளையைச் சற்று நேரம் கடன் வாங்குவதற்கு வட்டி கிடையாது. இன்றே முடிக்க வேண்டும் என்று நெருக்குகிறவரிடம் வாங்காமல் விட்டதால் கெட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

நம்பர்

இதை எழுதினால் சிலருக்குக் கோபம் வரும். இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

விபத்துக்குள்ளான காரின் எண், கனவில் வந்த வீட்டின் எண், பிறந்த குழந்தையின் எடை என எல்லாம் நமக்கு நான்கு இலக்கம். சிலர் சன்னிதியிலேயே நின்று எண் கேட்கிறார்கள். கணக்கு இதுதான். 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் எண்கள். வாரம் மூன்று குலுக்கல் என்றால் ஆண்டுக்கு 156. ஒவ்வொரு முறையும் ஓர் எண் எடுப்பவருக்கு முதல் பரிசு சராசரியாக 64 ஆண்டுக்கு ஒருமுறை விழலாம். முப்பது வயதில் தொடங்கியவர் தொண்ணூற்று நான்கு வயது வரை காத்திருக்க வேண்டும்.

பிறகு ஏன் எடுக்கிறோம்? விழுந்தவர் ஒருவரின் பெயர் ஊரெல்லாம் தெரிகிறது. விழாதவர் ஆயிரம் பேர் வாய் திறப்பதில்லை. எளிதில் நினைவுக்கு வருவது அடிக்கடி நடப்பதாக மனம் எடுத்துக்கொள்கிறது. கானமனும் டிவெர்ஸ்கியும் 1973இலேயே எழுதிய கருத்து இது. ஒரு எண் வித்தியாசத்தில் தவறிவிட்டது என்பதும் மனத்தின் விளையாட்டே. 4517 எடுத்தவருக்கு 4518 வந்தாலும் 0062 வந்தாலும் தோல்வி ஒன்றுதான். ஆனால் முன்னது "கிட்டே வந்துவிட்டோம்" என்று அடுத்த வாரமும் கடைக்கு அனுப்புகிறது.

குலுக்கலுக்கு இரண்டு வெள்ளி என்றால் மாதம் 26 வெள்ளி. அதை ஆண்டுக்கு 5 விழுக்காடு கிடைக்கும் இடத்தில் 30 ஆண்டுகள் போட்டுவந்தால் 21,600 வெள்ளிக்கு மேல் நிற்கும். இது விழுமா விழாதா என்ற கேள்வி இல்லாத நம்பர்.

வீட்டில் செய்யக்கூடியது

மனவுறுதியை மட்டும் நம்பாதீர்கள் என்பதே இந்த அறிஞர்கள் எல்லாரும் சொல்வது. சம்பளம் வங்கியில் விழும் நாளுக்கு மறுநாளையே தானியங்கிப் பிடித்தத்துக்குத் தேதியாகக் குறித்துவிட வேண்டும். மாதக் கடைசியில் மிச்சமானதைச் சேமிக்கலாம் என்பவருக்கு மிச்சமாவதில்லை. சம்பள உயர்வு வந்தால் முதல் மாதத்திலேயே அதில் பாதியைப் பிடித்தத்தில் சேர்த்துவிடலாம்; கைக்குப் பழகாத பணம் பிரிவது வலிக்காது. நாசி லெமாக் கடை, டாக்சி, லாரி, தையல் என்று சொந்தமாகத் தொழில் செய்கிறவர்களுக்குப் பிடித்தம் செய்ய முதலாளி இல்லை. அவர்கள் சேமநிதியின் ஐ-சரான் திட்டத்தில் தாமாகவே சந்தா கட்டலாம்; ஒரு வரம்புக்குட்பட்டு அரசும் பங்கு சேர்க்கிறது.

டின் முறைக்கும் ஒரு குறை உண்டு. தீபாவளி டின்னில் எண்ணூறு வெள்ளி இருக்க, அதைத் தொடமாட்டேன் என்று பிடிவாதமாக மாத வட்டிக்குக் கடன் வாங்கியவர்களை நான் அறிவேன். கடனின் வட்டி டின்னைவிடப் பெரிதாக இருக்கும்போது டின்னை உடைப்பதே சரி.

55 வயதானால் சேமநிதிப் பணம் முழுவதையும் எடுத்தே ஆகவேண்டும் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. வேண்டிய அளவு எடுக்கலாம், மாதந்தோறும் சம்பளம்போலப் பெறலாம், எதுவும் செய்யாமல் விட்டுவிட்டால் 100 வயது வரை லாப ஈவு சேர்ந்துகொண்டே இருக்கும். மொத்தமாக எடுத்தவர்கள் சில ஆண்டுகளிலேயே தீர்த்துவிடுகிறார்கள் என்று சேமநிதி வாரியமே பலமுறை கவலை தெரிவித்திருக்கிறது. பெரிய தொகை வந்த வீட்டுக்கு உறவினர், மோட்டார் கம்பெனிக்காரர், தொழில் பங்காளி எல்லாரும் வருவார்கள். தோட்டத்து வாசலில் நின்ற கூட்டத்தின் பேரப்பிள்ளைகள்தான் அவர்கள்.

கடைசியாக ஒன்று. வாரிசு நியமனம். முஸ்லிம் அல்லாத உறுப்பினர் ஒருவர் யாரை நியமித்திருக்கிறாரோ அவருக்கே சேமநிதிப் பணம் போய்ச்சேரும். நியமனமே இல்லாமல் இறந்துபோனால் மனைவியும் பிள்ளைகளும் பத்திரங்களோடு பல மாதம் அலைய நேரிடும். திருமணத்துக்கு முன்பு தாயைக் குறித்துவிட்டு, பிறகு மாற்ற மறந்தவர்களும் இருக்கிறார்கள். யாரும் இதை வேண்டாமென்று முடிவு செய்வதில்லை. சாவைப் பற்றிய தாள் என்பதால் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போடுகிறோம். என் படிவத்தை நிரப்ப எனக்குப் பத்து நிமிடம் பிடித்தது. அதற்குமுன் தள்ளிப்போட்டது ஆறு ஆண்டுகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கடைத்தெருவுக்குப் புறப்பட்ட என்னை வாசலிலேயே நிறுத்தி, "இதை முடிச்சிட்டுப் போங்க" என்று அடையாள அட்டையையும் பேனாவையும் என் மனைவி கையில் கொடுத்ததால்தான் அதுவும் நடந்தது.